ரிட் போட்டால் ஜெயித்துவிடலாமா?

காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நான்கு சுற்று நடப்பது என் வழக்கம். போன வாரம் மூன்றாவது சுற்றில் ஒரு நண்பர் வந்து சேர்ந்துகொண்டார். கூட்டுறவு சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் இருப்புக் குறைவு என்று சொல்லி ஒரு தொகையைக் கட்டச் சொல்லி இலாகா உத்தரவு போட்டது. அதை எதிர்த்து கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கேயும் தோற்றுவிட்டார்.

"சார், மதுரை பெஞ்சுல ரிட் போடலாம்னு இருக்கேன். ஹைகோர்ட் ஜட்ஜ் பேப்பரை ஒரு தடவை முழுசாப் படிச்சாருன்னா போதும், எல்லாம் விளங்கிடும். என்ன சொல்றீங்க?"

கோர்ட் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நான் வக்கீல் இல்லை, தீர்ப்பு சொல்லும் தகுதியும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி என் குடும்பத்தில் ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே ஒருவரைப் பாதித்த கேள்வி. அதனால் அன்று உடனே பதில் சொல்லாமல், "நாளைக்குப் பேசுவோம்" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்த ரிட் என்ற சமாச்சாரம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஐந்து நீதிப்பேராணைகள் என்று பேரப்பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதில் 'ஆவணக் கேட்பு' என்று ஒன்று வரும். நாங்கள் ஆபீசில் 'செர்ஷியோராரி' என்போம். லத்தீன் சொல். 'தெரியப்படுத்தப்பட வேண்டும்' என்பது போன்ற அர்த்தம். இங்கிலாந்து ராஜா தன் கீழ்க்கோர்ட்டைப் பார்த்து, "நீ அங்கே என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும், கட்டை அனுப்பு" என்று சொல்வதுதான் இதன் ஆதி வடிவம். ராஜா பெயரால் அந்த வேலையைச் செய்தது லண்டனில் இருந்த கிங்ஸ் பெஞ்ச் கோர்ட். கட்டு வந்த பிறகு, கீழே இருந்தவர் தன் அதிகார எல்லையைத் தாண்டியிருந்தால் அந்த உத்தரவை ரத்து செய்வார்கள். அவ்வளவுதான்.

'கட்டை அனுப்பு' என்றால் என்ன என்று எனக்குக் கைப்பட்ட அனுபவம் உண்டு. நான் 1971-ல் கோர்ட் வேலைக்கு வந்தேன். ரிக்கார்டு பிரிவில் சில வருஷம் இருந்தேன். ஹைகோர்ட்டிலிருந்து 'ரிக்கார்டுகளை அனுப்பவும்' என்று தபால் வந்தால் அன்று வேறு வேலை ஓடாது. பிராது, எதிருரை, சாட்சி வாக்குமூலம், எக்சிபிட்டுகள், நோட்ஸ் பேப்பர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டு, அட்டவணை எழுதி, அட்டை வைத்து நாடாவால் கட்டி அனுப்ப வேண்டும். ஒரு எக்சிபிட் காணவில்லை என்றால் ஹெட் கிளார்க்குக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். எங்கள் கோர்ட்டுக்கு வந்தவை பெரும்பாலும் சிவில் ரிவிஷன் வகையைச் சேர்ந்தவை, அசல் செர்ஷியோராரி அல்ல. ஆனாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் கட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கத்தின் வேர் ஒன்றுதான்.

இந்த அதிகாரம் நம் ஊருக்கு எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை.

1801-ல் சென்னையில் ஒரு சுப்ரீம் கோர்ட் திறந்தார்கள். இன்றைய டெல்லி சுப்ரீம் கோர்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஜார்ஜ் ராஜாவின் சாசனப்படி அமைந்தது. சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் முதல் தலைமை நீதிபதி. லண்டன் கிங்ஸ் பெஞ்சுக்கு இருந்த அதிகாரத்தை இந்தக் கோர்ட்டுக்கும் சாசனம் கொடுத்தது. ஆனால் அந்த அதிகாரம் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தோடு சரி. பட்டணத்துக்கு வெளியே பிரிட்டிஷ் பிரஜைகள் போன்ற சிலர் மீது மட்டும் செல்லும். தஞ்சாவூரிலும் மதுரையிலும் இருந்த நம் பாட்டன் பூட்டன்களுக்குக் கம்பெனியின் கோர்ட்டுகள். அவற்றுக்கு மேலே சதர் அதாலத்.

1861-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு, 1862-ல் இரண்டையும் ஒன்றாக்கி மதராஸ் ஹைகோர்ட்டை உண்டாக்கினார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் அது தொடங்கியது. (சுதந்திர தினத் தேதியிலேயே பிறந்த கோர்ட் என்று எங்கள் பழைய சிரஸ்தார் ஒருவர் பெருமையாகச் சொல்வார்.) கோர்ட் ஒன்றானாலும் சொத்து இரண்டு வழியில் வந்தது. ரிட் போடும் ராஜ அதிகாரம் பட்டண வழிச் சொத்து. அப்பீல் கேட்பதும் மேற்பார்வை செய்வதும் மொபசல் வழிச் சொத்து. ரிட் அதிகாரம் பட்டணத்து எல்லையைத் தாண்டுமா என்ற சந்தேகம் எண்பது வருஷம் இழுத்தது. இந்தியாவில் மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று ஹைகோர்ட்டுகளுக்கு மட்டுமே இந்த அதிகாரம். மற்ற ஹைகோர்ட்டுகளுக்கு அதுவும் கிடையாது.

அந்தச் சந்தேகத்துக்கு முடிவு கட்டியது ஒரு விவசாயிகள் வழக்கு. இதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பர்லாகிமிடி என்று ஒரு பெரிய ஜமீன். 1936-ல் ஒரிஸ்ஸா மாகாணம் பிரியும்வரை அது நம் சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே கரபந்தோ முதலான கிராமங்களின் குடியானவர்களுக்கும் ஜமீன்தாருக்கும் குத்தகைத் தொகை பற்றித் தகராறு. 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டப்படி ஒரு ரெவின்யூ அதிகாரி விசாரித்து வாரத்தை நிர்ணயித்தார். விவகாரம் கடைசியில் சேப்பாக்கத்தில் இருந்த ரெவின்யூ போர்டுக்கு வந்தது. போர்டு போட்ட உத்தரவு சட்டம் அனுமதித்த அளவை மீறியது என்பது குடியானவர்களின் கட்சி. போர்டுக்கு மேல் அப்பீல் இல்லை. அதனால் மதராஸ் ஹைகோர்ட்டில் செர்ஷியோராரி கேட்டார்கள். தோற்றார்கள். விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள்.

உலக யுத்தம் நடுவில் இருந்தது. 1943-ல் வைகவுண்ட் சைமன் தீர்ப்பு எழுதினார். சாராம்சம் இதுதான். ரெவின்யூ போர்டின் ஆபீஸ் பட்டணத்தில் இருக்கலாம். ஆனால் தகராறு கஞ்சத்து நிலத்தைப் பற்றியது. கட்சிக்காரர்களும் கஞ்சத்துக்காரர்கள். முதலில் விசாரித்த ரெவின்யூ அதிகாரியும் அங்கேதான் இருந்தார். அவர் மீது பட்டணத்துக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அப்படியிருக்க, அப்பீல் கேட்ட போர்டு பட்டணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த அதிகாரம் வந்துவிடாது. ஆகவே மதராஸ் ஹைகோர்ட்டால் இதில் ரிட் போட முடியாது.

போர்டு போட்ட உத்தரவு சரியா தப்பா என்பதல்ல, அதைக் கேட்க ஒரு இடமே இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் விளைவு. மாம்பலத்துக்காரருக்கும் மாயவரத்துக்காரருக்கும் இடையே சட்டம் போட்ட கோடு அது. ஒரே மாகாணம், ஒரே ஹைகோர்ட், ஆனால் பட்டணத்துக்காரனுக்கு ஒரு கதவு அதிகம்.

போதாக்குறைக்கு, மேற்பார்வை அதிகாரத்தையும் 1935-ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டம் குறுக்கிவிட்டிருந்தது. அப்பீலோ ரிவிஷனோ இல்லாத கீழ்க்கோர்ட் தீர்ப்பை, மேற்பார்வை என்ற பெயரில் ஹைகோர்ட் கேள்வி கேட்கக் கூடாது என்று அதன் 224-ஆவது பிரிவு சொன்னது. ஆக இரண்டு பக்கமும் சுவர்.

1950 ஜனவரி 26-ல் இந்தச் சுவர் இடிந்தது. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு எல்லா ஹைகோர்ட்டுக்கும், தன் எல்லை முழுவதும், ரிட் போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. பட்டணம், மொபசல் என்ற பேதம் போயிற்று. 227-ஆவது பிரிவு எல்லாக் கீழ்க்கோர்ட்டுகள் மீதும் தீர்ப்பாயங்கள் மீதும் மேற்பார்வை அதிகாரத்தைக் கொடுத்தது. கஞ்சத்துக் குடியானவருக்குக் கிடைக்காதது அன்று முதல் கும்பகோணத்துக்காரருக்கும் கிடைத்தது.

கதவு திறந்ததும் முதலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தவர்களில் நம் பஸ் முதலாளிகளும் உண்டு! சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பஸ் பெர்மிட் என்பது பத்து வேலி நிலத்துக்குச் சமம். பெர்மிட் கொடுப்பது ஜில்லா போக்குவரத்து அதிகார சபை. அதற்கு மேலே சென்னையில் மத்திய சாலைப் போக்குவரத்து போர்டு. அதற்கும் மேலே சர்க்கார். அதற்கு மேல் யாரும் இல்லை. 226 வந்ததும் எல்லோரும் ஹைகோர்ட்டுக்கு ஓடினார்கள். இந்த விஷயத்தில் இந்தியா முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் சில நம் பக்கத்து பஸ் வழக்குகள்தான்.

முதலாவது, வீரப்பா பிள்ளைக்கும் நம் கும்பகோணம் ராமன் அண்டு ராமன் கம்பெனிக்கும் நடந்தது. என் வயதுக்காரர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறாமல் இருந்திருக்க முடியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் சில பஸ்களின் பெர்மிட் யாருக்கு என்று சண்டை. சபை, போர்டு, சர்க்கார் என்று மாறி மாறி உத்தரவுகள். கடைசியில் மதராஸ் ஹைகோர்ட் சர்க்கார் உத்தரவை ரத்து செய்து, பெர்மிட்டை ராமன் அண்டு ராமனுக்குக் கொடுக்கும்படி சொன்னது. 1952 மார்ச்சில் டெல்லி சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சந்திரசேகர ஐயர். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். கீழே உள்ள தீர்ப்பாயம் அதிகாரமே இல்லாமல் செயல்பட்டாலோ, அதிகாரத்தை மீறினாலோ, இருக்கிற அதிகாரத்தைச் செலுத்த மறுத்தாலோ, இயற்கை நீதியை மீறினாலோ, கட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழை செய்தாலோ, அதனால் வெளிப்படையான அநியாயம் நேர்ந்திருந்தால் ரிட் போடலாம். ஆனால் ஹைகோர்ட் தன்னை ஒரு அப்பீல் கோர்ட்டாக மாற்றிக்கொண்டு, எது சரியான முடிவு என்று தானே தீர்மானிக்கக் கூடாது.

இரண்டாவது, சென்னை – சிதம்பரம் எக்ஸ்பிரஸ் பஸ் பெர்மிட் பற்றிய சையத் யாகூப் வழக்கு. 1963-ல் நீதிபதி கஜேந்திரகட்கர் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதினார். சட்டப் பிழை கட்டின் முகத்திலேயே தெரிந்தால் திருத்தலாம், உண்மை பற்றிய பிழையை, அது எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும், ரிட்டில் திருத்த முடியாது என்றார். சாட்சியமே இல்லாமல் முடிவுக்கு வந்திருந்தால், அல்லது ஏற்க வேண்டிய சாட்சியத்தைத் தப்பாக ஒதுக்கியிருந்தால், அது சட்டப் பிழையாகும். மற்றபடி சாட்சியம் போதுமா போதாதா என்று எடை போடுவது தீர்ப்பாயத்தின் வேலை. அந்த அமர்வில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். மதராஸ் ஹைகோர்ட்டில் இருந்தவர் அவர்.

மூன்றாவதில் மனு போட்டவர் ஜெயித்தார். பெர்மிட் விண்ணப்பதாரர்களுக்கு மார்க் போட்டு, அதிக மார்க் வாங்கியவருக்குப் பெர்மிட் என்று சென்னை சர்க்கார் 1956-ல் ஒரு ஜி.ஓ. போட்டிருந்தது. 1298-ஆம் நம்பர். இதை வைத்து எத்தனையோ பெர்மிட்டுகள் கைமாறின. ராஜகோபால நாயுடு வழக்கில் 1964-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஜி.ஓ.வைச் செல்லாது என்றது. நீதி வழங்குகிற மாதிரி இரண்டு கட்சியையும் கேட்டு முடிவெடுக்க வேண்டிய ஒரு சபைக்கு, 'இப்படித்தான் முடிவெடு' என்று சர்க்கார் உத்தரவு போட முடியாது என்பது காரணம். கவனியுங்கள். அவருக்குப் பெர்மிட் கொடுத்திருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லவில்லை. முடிவெடுத்தவரின் கை கட்டப்பட்டிருந்தது, அதனால் மறுபடி சட்டப்படி முடிவெடுங்கள் என்றது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அப்பீல் கோர்ட், "முடிவு சரியா?" என்று கேட்கும். ரிட் கோர்ட், "முடிவெடுக்க உனக்கு அதிகாரம் இருந்ததா? எதிர்க்கட்சி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாயா? கட்டில் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுத்தாயா?" என்று கேட்கும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இந்த வித்தியாசம் தெரியாமல் என் சித்தப்பா பதின்மூன்று வருஷம் கஷ்டப்பட்டார்.

சித்தப்பா திருச்சிப் பக்கம் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். (மேலே சொன்ன கம்பெனி எதுவும் அல்ல. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.) 1962-ல் சமயபுரம் சித்திரைத் தேர் சமயம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதி வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். பின்பக்கம் நாலு பேரிடம் டிக்கெட் இல்லை. "காசு வாங்கிக்கிட்டு டிக்கெட் கொடுக்கலை" என்று எழுதிக்கொண்டார். "கூட்டத்துல நான் இன்னும் பின்னாடியே போகலை" என்பது சித்தப்பாவின் பதில். கம்பெனியே ஒரு விசாரணை வைத்தது. விசாரித்தவரும் கம்பெனி ஆள்தான். வேலை போயிற்று.

தொழிற்சங்கம் கைவிடவில்லை. விவகாரம் லேபர் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பாதகமாக முடிந்ததும் ஹைகோர்ட்டில் ரிட். சித்தி கழுத்தில் இருந்த சங்கிலி அந்தச் செலவுக்குப் போயிற்று. 1967-ல் ஹைகோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. சித்தப்பா சென்னையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஹைகோர்ட்டே என்னைத் திருடன்னு சொல்லிடுச்சு" என்று என் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்தார். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். பஸ்ஸில் போனால் டிக்கெட்டை இறங்கிய பிறகும் எறிய மாட்டார், சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

1980-ல் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சித்தி பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார். உள்ளே வழக்குக் காகிதங்கள். ஹைகோர்ட் உத்தரவின் நகலும் இருந்தது. ஒன்றரைப் பக்கம். கோர்ட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த பழக்கத்தில் அதை நிதானமாகப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அதில் எங்கேயும் சித்தப்பா திருடினார் என்று இல்லை. லேபர் கோர்ட் முன் சாட்சியம் இருந்தது, அதை வைத்து அந்த முடிவுக்கு வர முடியும், நான் அந்த இடத்தில் இருந்தால் அதே முடிவுக்கு வந்திருப்பேனா என்பது இங்கே கேள்வி அல்ல, இது அப்பீல் அல்ல என்றுதான் இருந்தது.

சந்தோஷமாக அவரிடம் ஓடினேன். "சித்தப்பா, ஹைகோர்ட் உங்களைத் திருடன்னு சொல்லவே இல்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே அவங்க போகலை" என்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்: "சரிடா. அப்ப லேபர் கோர்ட்டாவது அதைப் பார்த்துதா?"

அந்தக் கட்டையும் எடுத்துப் படித்தேன். கம்பெனி விசாரணை முறைப்படி நடந்திருக்கிறது, உள்நோக்கம் இல்லை, முடிவு ஆதாரமற்றது அல்ல, ஆகவே தலையிடுவதற்கில்லை என்று அதில் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. கம்பெனி விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால், சாட்சியத்தைத் தானே புதிதாக எடை போட்டுத் தண்டனையை மாற்றும் அதிகாரம் லேபர் கோர்ட்டுக்குக் கிடையாது. அந்த அதிகாரத்தைத் தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ என்ற பிரிவாகச் சேர்த்தது 1971 டிசம்பரில்தான். சித்தப்பாவுக்கு நாலு வருஷம் தாமதம்.

ஆக, அவர் காசு வாங்கினாரா இல்லையா என்பதை எடை போட்டுப் பார்த்த ஒரே ஆள் அந்தக் கம்பெனி விசாரணை அதிகாரி. அதற்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும், எடை போட்டவர் முறைப்படி எடை போட்டாரா என்று மட்டும் பார்த்தார்கள்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப நான் திருடன்னும் யாரும் சொல்லலை, திருடலைன்னும் யாரும் சொல்லலை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஒன்றரைப் பக்க நகலை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் என்று சித்தி பிறகு சொன்னார்.

கோபம் வராமல் இல்லை. ஏன் இப்படி ஒரு குறுகலான கதவு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேலையில் இருந்தபோது காரணமும் புரிந்தது. ஹைகோர்ட் ஒவ்வொரு கட்டையும் திறந்து ஒவ்வொரு சாட்சியையும் மறுபடி எடை போட ஆரம்பித்தால், ஆர்.டி.ஓ., லேபர் கோர்ட், முன்சீப் கோர்ட் யாருமே தேவையில்லை. சாட்சி முகத்தைப் பார்த்தவர் கீழே இருப்பவர். மேலே இருப்பவர் பார்ப்பது காகிதம். அதனால்தான் 1954-லேயே சுப்ரீம் கோர்ட், 227-ஆவது பிரிவின் மேற்பார்வை என்பது கீழ்க்கோர்ட்டை அதன் எல்லைக்குள் நிறுத்துவதற்குத்தான், சாதாரணப் பிழைகளைத் திருத்துவதற்கு அல்ல என்று வாரியம் சிங் வழக்கில் சொன்னது. சிவில் கோர்ட் உத்தரவுகளை எதிர்த்து 226-ன் கீழ் செர்ஷியோராரி கேட்கலாம் என்று 2003-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2015-ல் ராதே ஷியாம் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, சிவில் கோர்ட் உத்தரவுக்கு 227 மட்டும்தான் வழி என்றார்கள். தீர்ப்பாயங்களுக்கு 226-ம் உண்டு, 227-ம் உண்டு.

கதவு குறுகல் என்பதால் அதை அற்பமாக நினைக்கவும் கூடாது. 1976-ல் அவசர நிலைக் காலத்து 42-ஆவது திருத்தம் தீர்ப்பாயங்களை 227-ன் மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்து வந்த ஆட்சி 44-ஆவது திருத்தத்தால் திருப்பிக் கொடுத்தது. 1997-ல் சந்திரகுமார் வழக்கில், ஹைகோர்ட்டின் இந்த அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படை அம்சம், திருத்தம் போட்டும் பறிக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். பர்லாகிமிடி குடியானவர்களுக்கு இந்தக் குறுகல் கதவுகூட இல்லை என்பதை மறக்கக் கூடாது. 'உன் வாதத்தைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள்' என்று போய்ச் சொல்ல ஒரு இடம் இருப்பது சின்ன விஷயமில்லை.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் காலை குளக்கரையில் நண்பரைப் பார்த்தேன். அவர் ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார். நேர்மைக்கு வாங்கிய பாராட்டுக் கடிதம், முப்பது வருஷ சர்வீஸ் விவரம், இருப்பு எப்படிக் குறைந்திருக்கலாம் என்று அவரே எழுதிய இருபது பக்கம்.

"இதையெல்லாம் ஓரமா வைங்க. முதல்ல மூணு கேள்வி. உங்களுக்கு ஒழுங்கா நோட்டீஸ் வந்துதா?"

"வந்தது சார்."

"உங்க பதிலைப் பத்தித் தீர்ப்புல ஒரு வரியாவது இருக்கா?"

"இருக்கு. ஏத்துக்க முடியாதுன்னு இருக்கு."

"விசாரணையில நீங்க கேட்டு, அவங்க கொடுக்காத ரிக்கார்டு ஏதாவது?"

கொஞ்சம் யோசித்தார். "ஸ்டாக் ரிஜிஸ்டர் நகல் கேட்டு ரெண்டு தடவை மனு கொடுத்தேன். கடைசிவரை கொடுக்கவே இல்லை. தீர்ப்பாயத்துலயும் சொன்னேன். அதைப் பத்தி அவங்க ஒண்ணுமே எழுதலை."

"அந்த மனுக்களோட அலுவலக நகல் இருக்கா? சீல் போட்டது?"

"வீட்டுல இருக்கு."

"அதை எடுத்துக்கிட்டு நல்ல வக்கீலாப் பாருங்க. எந்த ரிஜிஸ்டரை வச்சு உங்க மேல குத்தம் சொன்னாங்களோ, அதையே உங்களுக்குக் காட்டலைன்னா, அது ரிட் கோர்ட் காது கொடுத்துக் கேக்கிற விஷயம். ஜெயிப்பீங்கன்னு நான் சொல்லலை. மிஞ்சிப் போனா மறுபடி விசாரின்னு அனுப்புவாங்க. ஆனா முதல் பக்கத்துல இருக்க வேண்டியது இதுதான். இந்த இருபது பக்கம் இல்லை."

அவர் அந்த இருபது பக்கத்தை மெதுவாகப் பையில் வைத்தார். "அப்ப நான் நேர்மையா இருந்தேன்னு எங்கே சார் சொல்றது?" என்றார்.

"மறுபடி விசாரணைன்னு வந்தா அங்கே சொல்லுங்க. அதுவரைக்கும் இதைப் பத்திரமா வச்சிருங்க" என்றேன். நாலாவது சுற்றை இருவரும் பேசாமலே நடந்து முடித்தோம்.